மறதியெல்லாம் முதுமையன்று

உடலைக் காக்கும் எதிர்ப்பாற்றலே சிலவேளை மூளையைத் தாக்குவதுண்டு. அத்தகைய அரிய நோய்களுள் ஒன்று எல்.ஜி.ஐ.1 மூளையழற்சி. அப்பெயருடைய மூளைப் புரதத்தை எதிர்ப்பொருள்கள் தாக்குவதால் இது விளைகிறதென 2010-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். பெரும்பாலும் 50 வயது கடந்தோரிடம் தோன்றும்.

இதன் முதன்மைக் குறிகள் மூன்று:

1. முகத்தின் ஒரு பக்கமும் அப்பக்கத்துக் கையும் ஓரிரு நொடி வெட்டியிழுத்தல். இது நாளொன்றுக்குப் பன்முறை நிகழும்.
2. மறதியும் குழப்பமும் பெருகுதல்.
3. இரத்தத்தில் சோடியம் குறைதல்.

இவை எல்லோரிடமும் ஒருங்கே காணப்படுவதில்லை.

முதுமை மறதிநோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். இதுவோ வாரக்கணக்கில் விரையும். ஸ்டீராய்டு முதலிய மருந்துகளால் இதனைப் பெரிதும் தணிக்கலாம். காலந்தாழ்த்தின் நினைவாற்றல் முழுதும் மீளாமற் போகலாம். ஆதலின், பெரியோரிடம் இக்குறிகளைக் காணின், வயதின் கோளாறென்று வாளாவிராது, நரம்பியல் மருத்துவரிடம் விரைந்து அழைத்துச் செல்வோமாக. கண்டவற்றை விளங்க உரைப்போமாக.