சீருடை தரித்த பொய்

பினாங்கு மக்களுக்கு வெளிநாட்டுப் படைவீரர் புதியவர் அல்லர். பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் பல்லாண்டுகளாகப் பணியாற்றி வந்துள்ளனர். ஜார்ஜ் டவுன் வீதிகளில் அவர்களைக் கண்டு பழகிய நமக்குச் சீருடை என்றாலே ஒழுங்கும் நேர்மையும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த நல்லெண்ணத்தையே முதலாகக் கொண்டு, ஒரு மோசடி இன்று கைபேசி வழியாகத் தோட்டப்புற இல்லங்களிலும் நுழைகின்றது. அதனை இனங்காணும் முறையை இம்மாதப் பாடத்தில் காண்போம்.

மோசடியின் படிகள்

நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் விதவைத் தாய் ஒருவரை எடுத்துக்காட்டுக்காக மனத்தில் கொள்வோம். பிள்ளைகள் வேலையின் பொருட்டு வெளியூர் சென்றுவிட்டனர். மாலை வேளையில் பேச்சுத்துணை இல்லை. முகநூலில் ஒருவர் நட்பு நாடுகின்றார். தாம் அமெரிக்கப் படை அதிகாரி என்றும், மனைவியை இழந்தவர் என்றும் கூறுகின்றார். படத்தில் இருப்பவர் மெய்யான வீரரே. ஆனால், அப்படம் திருடப்பட்டது.

முதற்படி, பரிவு. காலையில் வணக்கம், இரவில் "சாப்பிட்டீர்களா?" என்னும் கேள்வி. இவ்வாறு வாரங்கள் கழிகின்றன. இரண்டாம் படி, திருமண வாக்குறுதி. மூன்றாம் படி, பரிசுப் பொட்டலம். பொன்னும் பணமும் அனுப்பியிருப்பதாகச் செய்தி வருகின்றது. நான்காம் படியில் சுங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வேறொருவர் பேசுகின்றார். வரி கட்டினால்தான் பொட்டலம் கிடைக்குமாம். கட்டியபின் அபராதம்; அதன்பின் மற்றொரு கட்டணம். ஊழியர் சேமநிதிப் பணம் கரைகின்றது. நகை அடகுக்கடைக்குப் போகின்றது. பொட்டலம் மட்டும் வருவதே இல்லை.

நீதிமன்றம் கண்ட வழக்கு

இழப்பு பணத்தோடு நின்றுவிடும் என்று எண்ணுதல் வேண்டா. 2014 டிசம்பரில், ஷாங்காயிலிருந்து மெல்பர்ன் திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அவரிடமிருந்த பையில் 1 கிலோவுக்கும் மேற்பட்ட போதைப்பொருள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆப்கானிஸ்தானில் பணிபுரியும் அமெரிக்கப் படை அதிகாரி என இணையத்தில் அறிமுகமான ஒருவரை நம்பிப் பயணம் செய்ததாகவும், பையைப் பிறர் தம்மிடம் ஒப்படைத்ததாகவும் அவர் கூறினார். 2017இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. காணாத ஒருவர்மீது கொண்ட அன்பு, அவரைத் தூக்குமேடையின் அருகே கொண்டு நிறுத்தியது.

இனங்காணும் அடையாளங்கள்

1. படைவீரர் விடுப்புப் பெறவும், உணவு உண்ணவும், சிகிச்சை பெறவும் பிறரிடம் பணம் கேட்க வேண்டிய தேவை இல்லை. அமெரிக்க இராணுவமே இவ்வாறு எச்சரித்துள்ளது.

2. சுங்கத்துறை தனிநபரின் வங்கிக் கணக்கில் வரி வசூலிப்பதில்லை. அயல்நாட்டு அதிகாரிக்கான பணத்தை உள்ளூர் மனிதர் ஒருவரின் கணக்கில் செலுத்தச் சொன்னால், அது மோசடியே.

3. "இராணுவ இரகசியம்" என்று கூறி முகம் காட்ட மறுப்பர். முகம் காட்டினாலும் முழுதும் நம்புதல் கூடாது. போலி முகத்தை உருவாக்கும் கருவிகள் இன்று உள்ளன.

4. "பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்" என்பர். நல்லெண்ணம் உடையவர் உறவைப் பிரிக்க மாட்டார்.

செய்ய வேண்டுவன

பணம் செலுத்துமுன், காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சோதித்துப் பார்க்கலாம். அங்கு ஒன்றும் காணப்படாவிடினும் ஐயம் நீங்கிவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது. பணம் சென்றுவிட்டால், காலந்தாழ்த்தாது 997 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். இது 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணாகும். பணம் கை மாறுவதற்குள் தடுக்க விரைவு இன்றியமையாதது. செய்திகளையும் பணம் செலுத்திய சீட்டுகளையும் அழிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்தல் வேண்டும். ஏமாற்றுக் குற்றத்திற்குத் தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவின்கீழ் 10 ஆண்டு வரை சிறையும், பிரம்படியும், அபராதமும் உண்டு. எவர் கேட்பினும் நம் வங்கி அட்டையையோ கணக்கையோ இரவல் கொடுத்தலும், அறியாதவர் பையைச் சுமத்தலும் ஆகா.

ஏமாந்தவரைக் கண்டு நகைத்தல் மோசடிக்காரனுக்கு நாம் செய்யும் உதவியாகும். நாணத்தால் அவர் வாய் மூடினால், அவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவான். "நீங்கள் செய்தது குற்றமன்று, வாருங்கள், காவல் நிலையத்திற்குச் சேர்ந்து போவோம்" என்று சொல்ல ஓர் உறவினர் இருந்தால் போதும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் மாலைதோறும் தாயை ஒருமுறை அழைத்து, "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்பது அதனினும் நன்று.

சிந்திக்க

1. பொட்டலத்திற்கு வரி கேட்டு அழைப்பு வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?
2. 997 என்னும் எண் உங்கள் வீட்டில் அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதப்பட்டுள்ளதா?