தூரத்துச் செய்தியும் கிராமத்தின் பயனும்

பயிர்த்தொழிலுக்கு நிலமும் நீரும் விதையும் எவ்வளவு முக்கியமோ, உரிய காலத்தில் கிடைக்கும் செய்தியும் அவ்வளவு முக்கியமாகும். களத்தில் நெல் காயும்போது மழை வருமென்று முன்னரே அறிந்தவர் அதனை மூட்டை கட்டிக் காப்பாற்றுவர். அறியாதவர் அது முளைவிடுவதைக் காண்பர்.

வானூர் தாலுகாவிலுள்ள திருவக்கரையைச் சுற்றிய கிராமத்தார்க்கு இவ்வுண்மை புதிதன்று. கல்மரங்களால் பெயர்பெற்ற இவ்வூர், வராக நதியென்றும் செஞ்சியாறென்றும் வழங்கும் சங்கராபரணியின் கரையில் அமைந்தது. ஆற்றின் மேற்பகுதியில் 1959-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வீடூர் அணை இருக்கிறது. அதன் பாசனத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 2,200 ஏக்கரும் புதுச்சேரியைச் சேர்ந்த 1,000 ஏக்கரும் அடங்கும். பாசன நீர் திறக்கும் நாளை அறிவது பயிருக்கு அவசியம். வெள்ள நீர் திறக்கும் வேளையை அறிவது உயிருக்கே அவசியம். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய வேளைகளில் ஒரு மணி நேரம் முன்னதாக வரும் வார்த்தையின் மதிப்பை ஆற்றங்கரையார் நன்கு அறிவர்.

செய்தியைக் கொண்டுவரும் கருவிகள் இக்காலத்தில் பெருகியுள்ளன. ஆனால் கருவியானது செய்தியை ஊர் எல்லைவரையிலேயே கொண்டுவரும். அதனை வீட்டுக்கும் வயலுக்கும் சேர்ப்பது ஊராரின் ஏற்பாட்டைப் பொறுத்தது. இவ்விஷயத்தில் நம் நாட்டில் நடந்த சில காரியங்கள் தக்க பாடமாக இருக்கின்றன.

ரேடியோ நெல்

சென்னையில் 1938-ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளியில் 1939-ஆம் ஆண்டிலும் வானொலி நிலையங்கள் ஏற்பட்டன. 1966-ஆம் ஆண்டையொட்டித் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகம் பரவியபோது, திருச்சி நிலையம் அதன் சாகுபடி முறைகளை ஒலிபரப்பி வந்தது. ஆகவே குடியானவர்கள் அவ்விரகத்தை ‘ரேடியோ நெல்’ என்றே அழைக்கலாயினர். ஆயினும் ஒலிபரப்பு ஒன்றே இதனைச் சாதித்துவிடவில்லை. தஞ்சையில் 1960 முதல் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்து வந்தது. விதையும் உரமும் கடனும், உத்தியோகஸ்தரின் நேர் யோசனையும் கிராமத்திலேயே கிடைப்பதற்கு அத்திட்டம் வழி செய்திருந்தது. காதில் கேட்டதைக் கையில் செய்து பார்க்க இடமிருந்தமையால் அச்செய்தி பலன் தந்தது.

வில்லியனூர் ஏற்பாடு

திருவக்கரையைக் கடந்து செல்லும் சங்கராபரணி, புதுச்சேரி எல்லைக்குள் வில்லியனூரை அடைகின்றது. 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அவ்வூரைத் தலைமை இடமாகக் கொண்டு, சுற்றுக் கிராமங்களில் அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கினர். இதற்குக் கனடா நாட்டு ஸ்தாபனம் ஒன்று பொருளுதவி செய்தது. தொலைபேசிக் கம்பி சரிவர எட்டாத கிராமங்களுக்குக் கம்பியில்லாக் கருவிகள் மூலம் பேச்சும் எழுத்தும் அனுப்பப்பட்டன. மின்சாரம் அடிக்கடி நின்றுபோனதால் சூரிய ஒளியைக் கொண்டு மின்சாரம் பெறும் தகடுகளும் வைக்கப்பட்டன.

அங்கு பயன்பட்ட கருவிகளைவிட, கையாண்ட முறையே கவனிக்கத்தக்கது. முதலில் குடும்பங்களை விசாரித்து, அவர்களுக்கு எந்தச் செய்தி தேவை என்று அறிந்துகொண்டனர். மையத்திற்கு வேண்டிய இடத்தையும் தொண்டர்களையும் கிராமமே அளிக்க வேண்டும் என்றும், சாதி வேற்றுமையின்றி ஆண் பெண் அனைவரும் அங்கு வரலாம் என்றும் நிபந்தனை செய்தனர். தொண்டர்களில் பெண்களே மிகுதி. விளைபொருள் விலை, விதை உரங்களின் இருப்பு, சர்க்கார் உதவித் திட்டங்கள், பரீட்சை முடிவுகள் ஆகியவை தமிழில் தொகுக்கப்பட்டன. வீராம்பட்டினம் மீனவர்க்கு நெல் விலையால் பயனில்லை. ஆகவே அவர்களுக்குக் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கி மூலம் நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த கணக்கு, கடற்கரையில் நின்ற மீனவரின் காதில் தமிழாக விழுந்தது.

நல்லவாடு தந்த பாடம்

இத்தகைய மையம் நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அபாயத்தை அறிந்து தம் வீட்டாருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். செய்தியைக் கேட்டவர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே சென்று, ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேறச் செய்தனர். வீடுகளும் படகுகளும் சேதமாயின. ஊரார் உயிர் பிழைத்தனர். கடல் கடந்து வந்த வார்த்தை ஒரு குடும்பத்தின் காதோடு நின்றிருந்தால் ஒரு குடும்பமே பிழைத்திருக்கும். ஊருக்குப் பொதுவான ஒலிபெருக்கி இருந்ததாலும், அதை உடனே பயன்படுத்தும் துணிவு இருந்ததாலும் அது அனைவரையும் காத்தது.

கல்வி விஷயம்

கல்வியிலும் இதுவே உண்மை. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டு மாதம் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் அதன் மூலமும் கைபேசி மூலமும் நடத்தப்பட்டன. ஆனால் ஒரே கைபேசியைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் சென்ற வீடுகளிலும், அலைவரிசை எட்டாத ஊர்களிலும் பிள்ளைகள் பின்தங்கினர். அக்குறையை நிரப்ப 2021 அக்டோபர் 27-ஆம் நாள் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் விழுப்புரம் ஜில்லாவிலேயே, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. உள்ளூர்த் தொண்டர்கள் மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்லினர். திரையில் தோன்றும் ஆசிரியர் எத்துணைச் சிறந்தவராயினும், பிள்ளையின் முகவாட்டத்தைக் கண்டு மீண்டும் விளக்குபவர் அருகில் ஒருவர் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சர்க்கார் சேவை

முன்பு பட்டா நகல் ஒன்றுக்காகத் தாலுகா கச்சேரிக்குப் பலமுறை நடந்த காலம் உண்டு. இப்போது பட்டா, சிட்டா விவரங்களை இணையத்தில் பார்க்கலாம். வருமானம், சாதி முதலிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எனினும் கணினி தனக்குக் கொடுக்கப்பட்டதையே திருப்பித் தரும். உட்பிரிவு தவறாக இருப்பின் அத்தவறும் விரைவாகவே வந்து சேரும். அடங்கலில் பயிர் விவரம் பருவந்தோறும் சரியாகப் பதிவாகாவிடின், பயிர்க் காப்பீடு செய்யவும் இழப்பீடு பெறவும் குடியானவர் இடர்ப்பட நேரும். ஆதலின் கிராம நிர்வாக அலுவலர் வயலை நேரில் பார்த்து எழுதும் வேலையின் பொறுப்பு, இக்கருவிகளால் குறையவில்லை, கூடியே இருக்கின்றது.

கிராமங்களில் செய்யத்தக்கவை

1. ஊரில் எந்தச் செய்தி, எந்தப் பருவத்தில் தேவை என்பதைக் குடியானவர், கூலியாட்கள், பெண்கள் ஆகிய எல்லோரையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. மழை அறிவிப்பு, அணை நீர் திறப்பு, காப்பீட்டின் கடைசித் தேதி ஆகியவற்றைப் பால் சங்கம் போன்ற பொது இடத்தில் பலகையில் எழுதிவைக்க வேண்டும். எழுத்தறியாதாரின் பொருட்டு ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டும். அவ்வறிவிப்பு காலனிப் பகுதிக்கும் எட்டுகிறதா என்று பார்ப்பது அதிகாரிகளின் கடமை.

3. செய்தியுடன் அது வந்த இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கைபேசியில் உலவும் பழைய புயற்செய்தியை நம்பி ஊர் கலங்குவதை இது தடுக்கும்.

4. புயற்காலத்தில் மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் செயலற்றுப்போகலாம். ஆகவே மின்கலத்தால் இயங்கும் வானொலியும் ஒலிபெருக்கியும் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அவை பூட்டியுள்ள அறையின் சாவி யாரிடம் உள்ளதென்பது ஊரார் பலருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

5. பயிர் நோய் பற்றிய ஐயங்களுக்கு 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில் கிசான் அழைப்பு மையத்தைத் தமிழில் கேட்கலாம். சொன்ன மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு, வட்டார வேளாண்மை அலுவலரிடமோ, நிலக்கடலை முதலிய பயிர்களாயின் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலோ சரிபார்த்துக்கொள்வது நலம்.

6. உதவித்தொகை வருமென்று கூறி வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணைக் கேட்பவர்க்கு அதனைச் சொல்லலாகாது. மெய்யான உத்தியோகஸ்தர் எவரும் அதனைக் கேட்பதில்லை.

வாய்க்காலில் நீர் வந்தும் மடை திறப்பாரில்லாவிடின் கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். செய்தியும் அத்தகையதே. மடையைத் திறந்து கடைசி வயல்வரை பாய்ச்சும் பொறுப்பை ஒவ்வொரு கிராமத்திலும் இருவர் மூவரேனும் ஏற்பாராயின், அடுத்த மழைக்காலம் வருமுன்னரே அதன் அனுகூலம் தெரியவரும்.