பதிவேட்டில் எழுதும் விதி

அன்பு மகளுக்கு,

ஆம்பூரிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. சிறு மருத்துவமனைகளில் கம்ப்யூட்டரில் வைக்கப்படும் நோயாளிப் பதிவேட்டில், மருந்து எழுதும் வேளையிலேயே வைத்தியருக்குத் தக்க எச்சரிக்கையை எடுத்துக்காட்டும் கருவி ஒன்றைப் பொறியியல் படிப்பின் இறுதி ஆண்டு வேலையாகச் செய்ய விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். உன் விருப்பம் மிகவும் நல்லது. ஆனால் ஒன்றை ஆரம்பத்திலேயே வற்புறுத்த விரும்புகிறேன். ஒரு மருத்துவமனையோடு முடிந்துபோகும் கருவியைச் செய்யாதே. எச்சரிக்கை எப்போது வரவேண்டும் என்று வேலூரில் எழுதிய விதியை வாணியம்பாடியிலுள்ளவரும் கென்யாவிலுள்ளவரும் எடுத்துப் படித்து, தமக்குப் பொருந்தும் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, பொருந்தாத பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி எழுது.

இத்தகைய கருவி எதற்கு என்ற சந்தேகம் உன் ஆசிரியர்களுக்கே எழக்கூடும். 1976-இல் இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த கிளெமெண்ட் மெக்டொனால்ட் என்னும் வைத்தியர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். கவனிக்க வேண்டிய சந்தர்ப்பங்களைக் கம்ப்யூட்டர் நினைவூட்டியபோது அவற்றில் 51 சதவீதத்திலும், நினைவூட்டாதபோது 22 சதவீதத்தில் மட்டுமே, வைத்தியர்கள் உரிய நடவடிக்கை எடுத்தார்கள் என்று அவர் கண்டார். இதற்குக் காரணம் வைத்தியர்களின் அறியாமையோ சிரத்தைக் குறைவோ என்று அவர் சொல்லவில்லை. ஒரே பொழுதில் அத்தனை விவரங்களையும் மனத்தில் ஏந்தி நிற்க மனிதப் பிரகிருதிக்குச் சக்தி போதாது என்பதே அவர் கொண்ட முடிவு. புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசல்வரை நீண்டு நிற்கும் ஒரு காலை வேளையை நீ நேரில் பார்த்தால், அந்த முடிவின் நியாயம் விளங்கும்.

மெக்டொனால்ட் பணியாற்றிய ரீகன்ஸ்ட்ரீஃப் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்களே, பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்னும் அமைப்போடு சேர்ந்து, 2004-இல் ஓப்பன்எம்ஆர்எஸ் என்னும் பதிவேட்டு மென்பொருளைத் தொடங்கினார்கள். அதன் மூல நிரல் யாவருக்கும் திறந்தது. எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கென்யாவின் எல்டோரெட் நகரில் எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளின் பதிவேட்டில் நினைவூட்டல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். காலம் கடந்து நின்ற பரிசோதனைகளும் சிகிச்சைகளும் நினைவூட்டல் இல்லாத பிரிவில் 18 சதவீதமே நிறைவேற, நினைவூட்டல் இருந்த பிரிவில் 68 சதவீதம் நிறைவேறின என்று 2013-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நம் நாட்டில், சத்தீஸ்கரின் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்னும் அமைப்பு நடத்தும் கிராம மருத்துவமனையில், ஓப்பன்எம்ஆர்எஸ்ஸை அடித்தளமாகக் கொண்டு தாட்வொர்க்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய பஹ்ம்னி என்னும் மென்பொருள் முதன்முதலாகப் பயனுக்கு வந்தது. பெருஞ்செல்வம் படைத்த ஆஸ்பத்திரிகளுக்கே உரியதென எண்ணியிருந்த வசதி ஏழைக் கிராமத்தாரின் சிகிச்சையிலும் இடம்பெற்றதை நான் ஒரு பெரும்பேறாகவே கருதுகிறேன்.

மென்பொருள் இவ்வாறு ஊர் ஊராகச் செல்லும்போது, அதற்குள் இருக்கும் வைத்திய அறிவு மட்டும் ஏன் சுலபமாகச் செல்வதில்லை? இதை நீ ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். விதிகளை எல்லா மருத்துவமனைகளும் பகிர்ந்துகொள்வதற்காக 1989-இல் நியூயார்க் மாநிலத்தில் கூடிய அறிஞர்கள், கூடிய இடத்தின் பெயராலேயே ஆர்டன் என்று ஓர் எழுத்து முறையை வகுத்தார்கள். அதில் தர்க்கம் முழுவதும் பொதுவாக இருக்கும். நோயாளியின் விவரத்தை உள்ளூர்ப் பதிவேட்டில் எங்கே தேடுவது என்ற ஒரு பகுதியை மட்டும் நெளிவு அடைப்புக்குள் எழுதினார்கள். முயற்சிக்கு இடையூறாக வந்ததும் அந்த அடைப்புதான். ஒவ்வொரு மருத்துவமனையும் இரத்தப் பரிசோதனைக்குத் தன் பெயரையும் தன் அளவையும் வைத்திருந்ததால், விதி இடம் மாறும்தோறும் அடைப்புக்குள் இருந்ததை மறுபடி எழுத நேர்ந்தது.

ஓர் உதாரணம் பார். சிறுநீரகம் வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கிய நீரிழிவு நோயாளிக்கு மெட்ஃபார்மின் கொடுக்கலாகாது என்பது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட விதி. அந்த வீதத்தைக் கணக்கிட இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவு வேண்டும். நம் ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகின்றன. வேறு பல நாடுகளிலோ லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்பது வழக்கம். நாம் 1.2 என்பதை அவர்கள் 106 என்பார்கள். ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் ஆங்கில அளவின் 7-உம் ஐரோப்பிய அளவின் 41-உம் ஏறக்குறைய ஒரே பாதத்தைக் குறிப்பது போன்றதுதான் இதுவும். ஆனால் ஷூ பொருந்தாவிட்டால் கால் உடனே சொல்லிவிடும். அளவு அறியாமல் எடுத்து வந்த விதியோ, சிறுநீரகம் கெட்டு 5 மில்லிகிராமுக்கு ஏறிய நோயாளியின் எண்ணை 5 மைக்ரோமோலாக வாசித்து, ஆபத்து ஏதுமில்லை என்று மௌனமாக இருந்துவிடும். ஆகையால் எண்ணோடு அலகையும், பரிசோதனையின் பெயரோடு உலகப் பொதுவான குறியீட்டையும் சேர்த்தே எழுது. பரிசோதனைகளுக்கு லாயிங்க் குறியீடும், நோய்களுக்கு ஸ்னோமெட் குறியீடும், பதிவேடுகள் விவரம் பரிமாறிக்கொள்ள ஃபயர் என்னும் பொது முறையும் இன்று இருக்கின்றன; 1989-இல் கூடியவர்களுக்கு இந்தச் சௌகரியங்கள் எல்லாம் ஒருங்கே வாய்க்கவில்லை.

பொதுவாக வைக்கக்கூடாதவையும் உண்டு. உடல் நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 25-ஐத் தாண்டினால்தான் எடை மிகுதி என்று மேல்நாட்டு விதி சொன்னால், நம்மவர்க்கு 23-லேயே கவலை தொடங்குகிறது. இத்தகைய எல்லைகளை விதியின் நடுவே புதைத்துவிடாமல், உள்ளூர் வைத்தியர் மாற்றத்தக்க இடத்தில் தனியே வை.

நம் பகுதிக்கென்றே உரிய இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழிலில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. தோல் பதனிடும் குரோமிய உப்பில் தினமும் கை நனைப்பவருக்குத் தோல் அழற்சி வரக்கூடும். களிம்பு பூசினால் ஆறும், வேலைக்குப் போனதும் திரும்பும். நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய வைத்தியர் ரமஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட நூலில் சக வைத்தியர்களை வேண்டிக்கொண்டார். இன்றும் பதிவேட்டில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும், அல்லது 'கூலி' என்ற ஒற்றைச் சொல் இருக்கும். சுண்ணாம்பில் ஊறிய தோலை இழுப்பவரா, குரோம் டிரம்மருகே நிற்பவரா, ஷூவின் மேல்தோல் தைக்கும் பெண்ணா என்று அந்தச் சொல்லால் அறிய முடியாது. கையில் அழற்சியோடு ஒருவர் இரண்டாம் முறை வரும்போது, இன்ன வேலை, எந்தப் பொருளைத் தொடுகிறார் என்று கேட்கும்படி வைத்தியருக்கு நினைவூட்டுவதே உன் முதல் விதியாக இருக்கட்டும். அதற்கு மேதாவித்தனமான கணக்கு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் அதன் பயன் பெரிது.

எச்சரிக்கைகளைப் பெருக்கிவிடாதே. ஓயாமல் குறுக்கிடும் கருவியை வைத்தியர் படிக்காமலே தள்ளத் தொடங்குவார். அப்படித் தள்ளியவற்றில் உயிர்காக்க வேண்டிய ஒன்றும் போய்விடும். நிராகரிக்கும் உரிமையை அவருக்கு எப்போதும் கொடு. நிராகரித்த காரணத்தைக் குறிக்க ஓர் இடமும் கொடு, ஏனெனில் விதியின் குறை பெரும்பாலும் அங்கேதான் தெரியவரும். ஒவ்வொரு விதியின் தலைப்பிலும் அதை எந்த வழிகாட்டுதலிலிருந்து எடுத்தாய், எந்த வைத்தியர் சரிபார்த்தார், எந்த ஆண்டு, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பவற்றை எழுது. வைத்திய சாஸ்திரம் மாறிக்கொண்டே இருப்பது. தேதி இல்லாத விதி பழையதா புதியதா என்று அதை எடுப்பவர் எப்படி அறிவார்?

நிரல் எழுதுமுன், விதியை ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக்கொள். கற்பனை நோயாளிகள் சிலரின் விவரங்களையும், அவர்களில் யாருக்கு எச்சரிக்கை வரவேண்டும், யாருக்கு வரக்கூடாது என்பதையும் அதன் கீழே குறி. உங்கள் ஊர் வைத்தியர் ஒருவரிடமும், உன்னை அறியாத வேறோர் ஊர் வைத்தியரிடமும் அதைக் காட்டு. இருவரும் ஒரே நோயாளிகளைச் சுட்டினால் கம்ப்யூட்டர் முன் உட்காரலாம். ஒரு பெயரில் வேறுபட்டாலும், எந்தச் சொல்லால் அந்த வேறுபாடு வந்தது என்று கண்டு திருத்தி, மறுபடி இருவரிடமும் கொண்டு போ.

உன் பெரியப்பா,
வேலூர்