கடைசற்பொறிக்கு மின்வலு வகுத்தல்

பட்டறையார் லேத் என்று வழங்கும் கடைசற்பொறியை வாங்கச் செல்வோர் அதன் படுக்கையின் நீளம், அதிற் பூட்டக்கூடிய பொருளின் விட்டம், பற்சக்கரங்களின் தேய்வு ஆகியவற்றையெல்லாம் நுணுகி ஆராய்வர். அதனை ஓட்டும் மின்சாரம் தம் வளவுக்குள் எவ்வழியாக, எவ்வளவு வந்து சேரும் என்பதை மாத்திரம் பொறி வந்து இறங்கிய பின்னரே நினைப்பர். என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரும் அவ்வாறே செய்தார். வள்ளங்களின் இயந்திரத் தண்டுகளையும் நீர்ப்பம்பிகளின் உறுப்புக்களையும் கடைந்து கொடுப்பதற்கென ஊரிலே பட்டறை தொடங்கிய அவருடைய 10 பரிவலு மோட்டர் மூன்றாம் மாதத்திற் கருகிற்று. கடன்பட்டு வாங்கிய பொறி. பழைய மோட்டரைத் தலையிற் கட்டிவிட்டார் என விற்றவரை நொந்துகொண்டோம். பின்னர், பௌதிகம் கற்பிக்கும் நண்பரோடு கூடியிருந்து கணக்குப் பார்த்தபோது மோட்டரிற் குற்றமில்லையெனக் கண்டோம். இலக்கணம் கற்பிப்பவன் மின்சாரத்தைப் பற்றி எழுதத் துணிந்தது அக்கணக்கின் பொருட்டே.

ஒரு பரிவலு 746 வாற்று. ஆகவே 10 பரிவலு மோட்டர் தன் தண்டிலே தருவது 7460 வாற்று. அது பெறும் வலுவில் ஒரு பகுதி வெப்பமாய்க் கழியுமாதலின், வினைத்திறன் 87 வீதமெனக் கொண்டால், கம்பிவழி வரவேண்டியது ஏறக்குறைய 8600 வாற்று. வலுக்காரணியை 0.85 எனக் கொள்க. 400 வோல்ற்று மூன்றவத்தை இணைப்பிலே இதற்கு ஒவ்வொரு கம்பியிலும் 15 அம்பியர் ஓடினாற் போதும். 230 வோல்ற்றுத் தனியவத்தையில் அதே வேலைக்கு 44 அம்பியர் வேண்டும். 30 அம்பியர் வீட்டிணைப்பு அதனைத் தாங்காது.

அவத்தை என்னும் சொல் சைவசித்தாந்தம் பயின்றார்க்குப் புதிதன்று. நனவு, கனவு முதலாக உயிர் எய்தும் ஐந்து நிலைகளை அவர் அவத்தை என்பர். ஈண்டு அது மின்னலையின் நிலையைக் குறிக்கின்றது. மூன்று கம்பிகளிலும் அலை ஒரே நேரத்தில் உச்சம் எய்தாது, சுற்றின் மூன்றிலொரு பங்கு முன்பின்னாக எய்தும். அதனாலேயே மோட்டரின் இழுப்பு இடையறாது நிகழ்கின்றது.

நம் மாணவரிடம் மூன்றவத்தை இணைப்பு இருந்தது. தகட்டிற் பொறித்த 15 அம்பியரை நோக்கி அதற்கேற்ற கம்பியும் இட்டிருந்தார். அவர் நோக்காதது தொடக்கவோட்டம். ஓய்ந்திருக்கும் மோட்டரை நேரே இணைத்தால், அது வேகங்கொள்ளும் வரை, வழக்கமான ஓட்டத்தின் 6 மடங்களவு மின்னை இழுக்கும். 15 அம்பியர் மோட்டர் அச்சில கணங்களில் 90 அம்பியர் வரை கேட்கும்.

வீதியோரக் கம்பத்திலிருந்து பின்வளவுக் கொட்டிலுக்கு 80 மீற்றர். இட்டிருந்த செப்புக் கம்பியின் குறுக்குப்பரப்பு 2.5 சதுர மில்லிமீற்றர். ஆகவே ஒரு கம்பியின் தடை 0.56 ஓம். பொறி ஓடும்போது இவ்வழியில் இழக்கப்படுவது 12 வோல்ற்று, அது பொறுக்கத்தக்கது. தொடக்கத்திலோ 34 வோல்ற்று வரை இழக்கப்படும். மாலையில் ஊர்க்கம்பியின் அழுத்தமே 370 ஆக இறங்கியிருந்தால் மோட்டருக்குக் கிடைப்பது 340 அளவே. மோட்டரின் முறுக்கமோ அழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைவது. ஆகவே திருப்பும் வலிமையிற் காற்பங்குக்கு மேல் போய்விடும். கனத்த பொருளைப் பூட்டிய பொறி அப்போது முனகிக்கொண்டே மெல்லத் திரும்பும், பேரோட்டமும் நீடிக்கும்.

அதனால் உருகிகள் அடிக்கடி அறுந்தன. வயரிங் செய்தவர் தடித்த உருகிகளை மாட்டினார். அன்றே மோட்டரின் விதி எழுதப்பட்டுவிட்டது எனலாம். உருகி காப்பது கம்பியை. மோட்டரைக் காப்பது, ஓவர்லோட் என்று சுருங்கச் சொல்லப்படும் மிகைச்சுமைக் காப்பு. அது அங்கே இல்லை. ஒருநாள் ஓட்டத்தின் நடுவே ஓர் உருகி மாத்திரம் அறுந்தது. மோட்டர் நிற்கவில்லை. எஞ்சிய இரு கம்பிகளிலும் ஏறத்தாழ இரு மடங்கு மின்னை இழுத்துக்கொண்டு ஓடிற்று. தடித்த உருகிகள் அதனைப் பொறுத்தன, சுற்றுக்கள் பொறுக்கவில்லை. கருகல் நாற்றம் எழுந்த பின்னரே ஆளியை அணைத்தனர்.

மறுசுற்றுச் செய்வித்த மோட்டருக்கு ஸ்ரார்-டெல்ரா ஸ்ராட்டரும், அளவாய்த் திருத்திய மிகைச்சுமைக் காப்பும் பூட்டப்பட்டன. அந்த ஸ்ராட்டர் தொடக்கவோட்டத்தை மூன்றிலொன்றாக்கும், முறுக்கத்தையும் மூன்றிலொன்றாக்கிவிடும். ஆகவே கிளச்சை விலக்கிச் சுமையின்றித் தொடங்கல் வேண்டும். இக்காலத்து அதிர்வெண்மாற்றி இன்னும் மெதுவாகத் தொடக்கும், விலைதான் தடை. அமெரிக்கப் பழம்பொறி வாங்குவோர் இன்னுமொன்று கவனிக்க: அங்குள்ள மின் செக்கனுக்கு 60 சுற்று, நம்முடையது 50. ஆகவே அம்மோட்டர் இங்கே ஆறிலொரு பங்கு வேகங்குறைந்து ஓடும். அழுத்தமும் அதற்கேற்பக் குறையாவிடிற் சூடேறும்.

கம்பியைப் பற்றி நாங்கள் 10 சதுர மில்லிமீற்றர் என்றோம். மாணவர் விலை விசாரித்து வந்து சிரித்தார். செப்புக்குக் கொடுப்பதிலும் குறைந்த செலவிற் கொட்டிலைப் பெயர்த்து வீதியருகே கட்டிவிட்டார். இப்போது 20 மீற்றருக்கு 6 சதுர மில்லிமீற்றர்க் கம்பி ஓடுகின்றது. தொடக்கத்தில் இழப்பது ஓரிரு வோல்ற்று. பொறி எழும்போது அயல்வீட்டு விளக்குகள் மங்குவதில்லை. கடையும் ஓசை மாத்திரம் முன்னிலும் உரத்துக் கேட்கின்றதென்று அயலார் முறையிடுகின்றனர்.