ஜெர்மனி செல்லவிருக்கும் பட்டதாரிகளுக்கு

1. பிரயாணச் செலவைக் கணக்கிடும் முன்பாகவே, அனாபின் என்னும் ஜெர்மானியத் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் ‘எச் பிளஸ்’ குறியீடு பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். கல்விநிலையத்தின் அங்கீகாரம் அதனால் விளங்கும்.

2. உங்கள் பட்டம் அதில் காணப்படாவிடில், அயல்நாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்று கோருங்கள். நிகரான ஜெர்மானியப் பட்டம் எதுவென்பதை அது எழுத்தில் காட்டும்.

3. பட்டச் சான்றிதழில் முதலெழுத்தோடு நிற்கும் நம் பெயர், பாஸ்போர்ட்டில் தந்தையார் பெயரோடு விரிந்து நிற்பது நம்மவர்க்கு வழக்கமாதலால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் முன்கூட்டியே பெற்று வையுங்கள். தகுதி நிறைந்த பிள்ளையின் விண்ணப்பம் ஓர் எழுத்தினால் தேங்குவது மிகவும் வருத்தத்துக்குரியது.

4. மேற்படிப்புக்காயின், கல்விச் சான்றுகள் மெய்யானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு முதலிலேயே விண்ணப்பியுங்கள்; 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கு இந்தியர் பெரும்பாலோரிடம் அது கேட்கப்படுகிறது.