பிரதேச சபையும் நம்ம லயமும்: மெம்பரிடம் எதை, எப்படிக் கேட்பது?



லயத்துக்குப் போகும் பாதையில் விளக்கு இல்லை. கான் அடைத்து வாசலில் தண்ணீர் நிற்கிறது. மழைக்கு ரோட்டுக் கல் பெயர்ந்து ஓட்டோக்காரர் மேலே வர மறுக்கிறார். டிவிஷன் டிவிஷனாக நாங்கள் போகும்போது அதிகம் கேட்கும் குறைகள் இவைதான். "யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டால் பதில் பலவிதமாக வரும். "தலைவருக்கிட்ட சொல்லியிருக்கோம்." "கிளாக்கரய்யாவுக்குத் தெரியும்." "மெம்பர் எலக்சனுக்கு வந்தப்ப செஞ்சி தாறேன்னாரு." இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் வாயால் சொன்னது எந்தக் கந்தோரின் பைலிலும் ஏறுவதில்லை. ஆகவே இம்முறை பிரதேச சபையைப் பற்றியும் அதன் உறுப்பினரைப் பற்றியும் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தவை. அவற்றுக்கு முதல் தேர்தல் 1991 இல் நடந்தது. 1948 இல் பறிபோன பிரஜாவுரிமை அப்போதுதான் நம்மவர் பலருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. மீதி இருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வாக்கு கிடைத்த பிறகும் சபையின் பணம் தோட்டத்துக்குள் வரவில்லை. தோட்டத்து ரோட்டு பொது ரோட்டு அல்ல, தோட்டக் காணி நிர்வாகத்தின் பொறுப்பு, அங்கே சபை செலவு செய்யச் சட்டம் இடம் தராது என்றுதான் பதில் வந்தது. சட்டத்தின் 33 ஆம் பிரிவு என்று பேச்சு அடிபட்டதை நமது பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். நாம் வாக்களித்துத் தெரிவான உறுப்பினர் நமது லயத்துக்கு ஒரு பல்ப் கூடப் போட முடியாத நிலைமை.

2018 இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கும் பிரதேச சபை வசதிகள் செய்து கொடுக்கலாம் என்று வழி திறந்தது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிந்தன: நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அம்பகமுவ, நோர்வுட், மஸ்கெலியா. முன்னர் இந்த இரண்டில் ஒவ்வொன்றும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு பேருக்கு ஒரு தவிசாளர், ஒரு கந்தோர்! 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், இரண்டு வருடங்களுக்கு மேலாக உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள்தான் வேலையைப் பார்த்தார்கள். 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்த பிறகே மீண்டும் மெம்பர்கள் வந்தார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அரை நாள் பேரை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, தவறான கந்தோரில் போய் வரிசையில் நிற்கிறவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். பிறப்புச் சான்றிதழ், அரசாங்க உதவிப் பணம், கிராம உத்தியோகத்தர் சம்பந்தப்பட்ட காரியம் எல்லாம் செயலகத்தில். ரோட்டு, கான், தெரு விளக்கு, குப்பை, மயானம், வாசிகசாலை, விளையாட்டு மைதானம், சந்தை போன்றவை சபையில்.

இதிலும் நுணுக்கம் உண்டு. தெருவிளக்கைச் சபை போடும். ஆனால் கம்பமும் வயரும் மின்சாரம் கொடுக்கும் நிறுவனத்துக்குரியவை. கம்பமே இல்லாத பாதையில் விளக்குக் கேட்டால் வேலை இரண்டு கந்தோருக்கு நடுவில் நின்றுவிடும். ரோட்டும் அப்படித்தான். பஸ் ஓடும் பெரிய ரோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாகாணத்துக்கோ உரியதாக இருக்கும்; உள் ரோட்டு சபைக்கோ தோட்டத்துக்கோ உரியது. லயத்துக் கூரைத் தகரம் ஒழுகுகிறதா? காணிக்கு உறுதி வேண்டுமா? இவற்றுக்கு மெம்பரைப் பிடித்துப் பயனில்லை. அவர் பாவம், "பார்ப்போம்" என்றுதான் சொல்வார்.

"சபைக்கு நாம என்ன வரியா கட்டுறோம், கேட்கிறதுக்கு?" என்று ஒரு அண்ணன் எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. பயிர்ச்செய்கைக் காணிகளிலிருந்து ஏக்கர் வரி அறவிடச் சபைக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. டவுனில் நாம் அரிசி, மா, சவுக்காரம் வாங்குகிற கடைக்காரர் கட்டிடத்துக்கு வரியும் வியாபாரத்துக்கு லைசன்ஸ் பணமும் கட்டுகிறார். தோட்டத்துச் சனம் டவுனுக்குப் போகாவிட்டால் அந்தக் கடைகள் எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும்? அதனால் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி மெம்பர் என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம். அவர் கையில் செக் புத்தகம் இல்லை. மாதம் ஒருமுறை கூடும் சபையில் அவருக்கு ஒரு குரலும் ஒரு வாக்கும் உண்டு. அங்கே அவர் பிரேரணை கொண்டுவரலாம். பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு போட வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். அடுத்த வருடத்துக்கான திட்டம் டிசம்பருக்குள் சபையில் நிறைவேற வேண்டும். எனவே தைப்பொங்கல் முடிந்து போய்க் கேட்டால், "இந்த வருசத்துக் காசு பங்கு போட்டாச்சு" என்ற பதில் வருவதில் ஆச்சரியமில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் குறையும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு மேல் டிவிஷனில் நடந்ததைச் சொல்கிறோம். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் பாதை, ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் காடு. சிறுத்தை நாயைத் தூக்கிப்போன இடம். டியூசன் முடிந்து இருட்டில் வரும் பிள்ளைகளைக் கூட்டிவர, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு தாய்மார் மீண்டும் இறங்கிப் போவார்கள். மாதர் சங்கத்து அக்காமார் பத்து விளக்குக் கேட்டு மனு எழுதினார்கள். தோட்டக் காணி என்பதால் துரையின் கடிதம் வேண்டும் என்று முதல் பதில் வந்தது. துரையைக் கண்டு, ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு கம்பப் பிரச்சினை. மனுக் கொடுத்து பதினாலாவது மாதம் நான்கு விளக்கு எரிந்தது. பத்துக்கு நான்குதான். அதிலும் ஒன்று மழைக்காலத்தில் பழுதானது, அதற்கும் கடிதம் எழுதினார்கள். மற்ற ஆறையும் அடுத்த வருடத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி இன்னொரு மனுவும் போயிருக்கிறது. அந்த அக்காமாரிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. எந்தத் திகதி போனோம், யாரைக் கண்டோம், என்ன சொன்னார் என்று பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கந்தோரில் போய் அந்தக் கொப்பியை விரித்தால் யாரும் "நாளைக்கு வாங்க" என்று லேசில் சொல்வதில்லையாம்.

நம்ம வட்டாரத்து மெம்பர் நமது கட்சி அல்லவே, நமது சங்கம் அல்லவே என்று சிலர் ஒதுங்கி நிற்கிறார்கள். அது தேவையில்லை. தெரிவான பிறகு அவர் முழு வட்டாரத்துக்கும் மெம்பர். அத்தோடு வட்டாரத்தில் வென்றவர்கள் மட்டுமல்லாமல் பட்டியலில் வந்த உறுப்பினர்களும் சபையில் இருக்கிறார்கள். சபைகளில் நூற்றுக்கு 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. மலசலகூடம், பிள்ளை மடுவத்துப் பாதை, தண்ணீர்ப் பீலி போன்ற விஷயங்களைப் பெண் உறுப்பினரிடம் பேசுவது நமது பெண்களுக்கு இலகுவாக இருக்கும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் பதில் பெறுவதும் நமது உரிமை. இப்படி எழுதினால் போதும்:

"கௌரவ தவிசாளர் அவர்களுக்கு, எமது தோட்டம் மேற்பிரிவு, 6 ஆம் இலக்க லயத்திலிருந்து பிரதான வீதி வரையுள்ள சுமார் 300 மீட்டர் பாதையில் விளக்குகள் இல்லை. 42 குடும்பங்கள் இப்பாதையைப் பயன்படுத்துகின்றன. 5 கம்பங்கள் ஏற்கனவே உள்ளன. அவற்றில் விளக்குப் பொருத்தித் தருமாறும், அதற்கு அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். தோட்ட முகாமையாளரின் சம்மதக் கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."

எத்தனை மீட்டர், எத்தனை குடும்பம், எத்தனை கம்பம் என்று நீங்களே நடந்து எண்ணிப் போடுங்கள். "நாங்கள் பெரிதும் கஷ்டப்படுகிறோம்" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட அந்த மூன்று இலக்கமும் உத்தியோகத்தருக்கு உதவும். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் வேண்டும். ஒரு பிரதி மெம்பருக்கு, ஒரு பிரதி தோட்டக் கந்தோருக்கு. சபையில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்க மறக்க வேண்டாம்.

மாதக்கணக்கில் பதிலே இல்லாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு, "இன்ன திகதியில் கொடுத்த மனுவுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் எடுக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை. எழுத ஆளில்லாதவர்கள் உங்கள் டிவிஷன் நலன்புரி உத்தியோகத்தரைக் கண்டு சொல்லுங்கள், எழுதித் தருவோம். வரும்போது அந்த முத்திரை குத்திய பிரதியையும் கொண்டு வாருங்கள்.