ஜீவனாம்சம்: ஊரார் சொல்வதும் சட்டம் சொல்வதும்

பெங்களூரில் எச். சித்தையா சாலையிலுள்ள ‘நியாய தேகுல’ கட்டடத்தில் இயங்கும் குடும்ப நீதிமன்றங்களுக்கு விவாகரத்து நாடி வரும் தம்பதிகளில் பலர், வழக்கறிஞரிடம் வாய் திறப்பதற்கு முன்னரே, உறவினரும் அண்டை வீட்டாரும் அலுவலக நண்பர்களும் சொல்லக் கேட்ட முடிவுகளை மனத்தில் ஏற்றிக்கொண்டுதான் படியேறுகிறார்கள். சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடுமென்று கணவன் அஞ்சுகிறான். படித்தவளுக்குக் காலணாவும் கிடைக்காதென்று மனைவி மனம் சோர்கிறாள். அந்த அச்சத்தால் ஒருவர் உண்மையை மறைக்கத் துணிய, அந்தச் சோர்வால் மற்றவர் தமக்குரியதைக் கேளாமலே கையெழுத்திட்டு விடுகிறார். ஒரு குடும்பம் பிரியும்போது நேரும் துன்பத்தைப் போக்கச் சட்டத்திற்குச் சக்தி இல்லை. அறியாமையால் விளையும் துன்பத்தையாவது தவிர்த்துக்கொள்ளலாம் என்பதால், இவ்விஷயத்தில் வழங்கிவரும் நம்பிக்கைகள் சிலவற்றை எடுத்து ஆராய்வோம்.

நம்பிக்கை 1: சம்பளத்தில் கால் பங்கு என்று சட்டமே விதித்திருக்கிறது.

உண்மை: 1955-ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்திலோ, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலோ, 2024 ஜூலை 1 முதல் அதற்கு ஈடாக அமலுக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 144-ஆம் பிரிவிலோ, இத்தனை சதவீதம் என்ற பேச்சே கிடையாது. முற்காலத்தில் ஒரு சட்டத்தில் அத்தகைய வரம்பு இருந்ததுண்டு: கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்குத் தரும் தொகை கணவனுடைய சராசரி வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றது, 2001-இல் பாராளுமன்றம் அந்த வரம்பையும் நீக்கிவிட்டது.

கால் பங்கு என்ற பேச்சு பிறந்தது, 1970-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியதை 2017-இல் இன்னொரு வழக்கில் அதுவே எடுத்தாண்டதிலிருந்துதான். அந்த 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பிடித்தங்கள் போகக் கணவரின் கைக்கு வந்த சம்பளம் மாதம் சுமார் 95,000 ரூபாய். உயர் நீதிமன்றம் நிர்ணயித்திருந்த தொகை 23,000 ரூபாய். கணவர் மறுமணம் செய்துகொண்டு அதில் ஒரு குழந்தையும் பிறந்திருந்ததைக் கருதி உச்ச நீதிமன்றம் அதை 20,000 ரூபாயாகக் குறைத்தது. கால் பங்கென்று கணக்கிட்டால் 23,000 ரூபாய்க்கும் மேல் வரும். மனைவிக்கும் மகனுக்குமாகச் சேர்த்து 20,000 ரூபாயே தகும் என்று நீதிபதிகள் கருதினார்கள். ஆகவே, கால் பங்குக்கு ஆதாரமாகக் காட்டப்படும் தீர்ப்பிலேயே தொகையை நிர்ணயித்தது அந்தக் குடும்பத்தின் நிலைமைதானேயன்றி வாய்பாடு அன்று.

அந்நிலைமையை எப்படி எடைபோடுவது? இரு தரப்பாரின் சமூக, பொருளாதார அந்தஸ்து, மனைவிக்கும் குழந்தைகளுக்கும் நியாயமாக வேண்டியவை, இருவரின் கல்வியும் உத்தியோகமும், மனைவிக்குச் சொந்த வருமானமோ சொத்தோ உண்டா என்பது, மணவாழ்வில் அவள் அனுபவித்த வாழ்க்கைத் தரம், குடும்பத்திற்காக அவள் விட்டுக்கொடுத்த வேலை, வேலையில்லாத மனைவிக்கு ஆகும் வழக்குச் செலவு, கணவனின் வருமானத்தோடு அவன் தாங்க வேண்டிய மற்றப் பொறுப்புகள் ஆகியவற்றை, 2024 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விக்ரம் நாத்தும், முன்னர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த பிரசன்ன வராலேயும் அளித்த தீர்ப்பு வரிசைப்படுத்திக் கூறுகிறது. இவையும் வழிகாட்டிகளே, மாறாத சூத்திரமல்ல என்றும் அது தெளிவுபடுத்துகிறது.

நம்பிக்கை 2: படித்த மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது.

உண்மை: சம்பாதிக்கும் தகுதி ஒன்று, சம்பாத்தியம் வேறொன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2017-இல் ஐயத்திற்கிடமின்றிக் கூறிவிட்டது. சம்பாதிக்கிற மனைவிக்கும், அவளுடைய வருமானம் மணவாழ்வில் அவள் இருந்த நிலைக்கு ஏற்ப வாழப் போதாதாயின், குறைவை ஈடுசெய்ய வழியுண்டு. 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்றில், வங்கி மேலாளராயிருந்த கணவர், படித்த மனைவி வேலைக்குப் போகாமல் சும்மா இருக்கிறாள் என்று வாதிட்டார்; குழந்தைகளை வளர்ப்பதற்காகவே வேலையை விட்டவள் அந்தத் தாய். இரவும் பகலும் ஓயாமல் குழந்தைகளைப் பேணுகிற ஒருத்தியைச் சோம்பியிருப்பவள் என்று சொல்லலாகாது என்று கண்ட நீதிபதி எம். நாகபிரசன்னா, குடும்ப நீதிமன்றம் அளித்திருந்த 18,000 ரூபாயை, அவள் கேட்டிருந்தபடியே 36,000 ரூபாயாக உயர்த்தினார்.

எதிர்ப்புறமான உதாரணமும் அதே நீதிமன்றத்தில் உண்டு. 2023 ஜூலையில் நீதிபதி ராஜேந்திர பதாமிகர் முன் வந்த வழக்கில், திருமணத்திற்கு முன்பு வேலை பார்த்த பெண் இப்போது ஏன் பார்க்கவில்லை என்பதற்குத் தக்க விளக்கம் தரவில்லை. மாதம் 10,000 ரூபாய் என்றிருந்ததைக் கீழ் நீதிமன்றம் 5,000 ரூபாயாகக் குறைத்தது சரியே என்று அவர் உறுதிசெய்தார். இவ்விரண்டு தீர்ப்புகளும் ஒன்றோடொன்று முரண்படுவனவாகத் தோன்றினாலும், வேலை இல்லாமைக்குரிய காரணம் மெய்யானதா என்ற ஒரே கேள்வியைத்தான் இரு நீதிபதிகளும் கேட்டார்கள். கிடைத்த விடைகளே வேறு.

நம்பிக்கை 3: கணவன் பணக்காரனானால் கேட்டதெல்லாம் கிடைக்கும், சொத்தில் பாதியும் மனைவிக்கே.

உண்மை: 2024 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஒரு மனைவியின் சார்பில் மாதம் 6,16,300 ரூபாய் கோரப்பட்டது, குடும்ப நீதிமன்றம் அளித்திருந்தது 50,000 ரூபாய். உணவுக்கு 60,000, உடைக்கும் காலணிக்கும் 15,000 என்ற ரீதியில் நீண்ட அந்தப் பட்டியலைக் கண்ட நீதிபதி லலிதா கன்னெகண்டி, அத்தனை செலவு செய்ய விரும்பினால் அவரே சம்பாதிக்கட்டும் என்று கண்டித்து, நியாயமான தொகையோடு வருமாறு வழக்கறிஞரைப் பணித்தார். அவ்வாண்டு டிசம்பர் 19-ஆம் தேதி, கர்நாடகத்தைச் சேர்ந்தவரான நீதிபதி பி.வி. நாகரத்னா அங்கம் வகித்த உச்ச நீதிமன்ற அமர்வு, பிரிந்த பின்னர் கணவன் அடைந்த ஐசுவரியத்திற்குச் சமமாகத் தன்னையும் உயர்த்த வேண்டுமென்று மனைவி கோர முடியாது என்று கூறியது.

சொத்தில் பாதி என்பது கலிபோர்னியா போன்ற அமெரிக்க மாகாணங்களின் முறை. இந்தியாவில் போர்ச்சுகீசியச் சட்டத்தின் வழிவந்த கோவா போன்ற பகுதிகளில்தான் தம்பதிகளுக்குப் பொதுச் சொத்து என்ற கொள்கை நிலைத்திருக்கிறது. கர்நாடகத்தில் மனைவியின் ஸ்ரீதனமும் அவள் பெயரிலுள்ள சொத்தும் அவளுக்கே உரியவை. கணவன் பெயரிலுள்ள வீடு விவாகரத்து என்ற ஒரே காரணத்தால் இரண்டாகப் பிரிவதில்லை. ஆனால் அந்த வீடும் அவனுடைய சக்திக்குச் சான்றாக நீதிபதியின் கணக்கில் நிச்சயம் சேரும்.

நம்பிக்கை 4: வேலையை ராஜினாமா செய்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம்.

உண்மை: இந்த யோசனையைப் போலக் கேடு விளைவிப்பது பிறிதில்லை. ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கணவனும் மனைவியும் தத்தம் வருமானம், வங்கிக் கணக்கு, பங்குகள், நிலம், வீடு, நகை, கடன், மாதச் செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பொய்ப் பிரமாணம் செய்தவர் நீதிமன்றத்தின் தண்டனைக்கு ஆளாகலாம்; மறைப்பதாகத் தெரிந்தால், வாழ்க்கை முறையைக் கொண்டு வருமானத்தை நீதிபதியே ஊகித்துக்கொள்வார். வருமான வரியும் கட்டாயச் சேமநிதியும் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். தானே விரும்பிச் சேர்க்கும் சேமிப்பையும் சொத்து வாங்கிய கடனின் தவணையையும் காட்டி மனைவியின் பங்கைக் குறைத்துவிட நீதிமன்றங்கள் பொதுவாக இடங்கொடுப்பதில்லை.

அதே தீர்ப்பு, மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் வழங்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. மாதம் 20,000 ரூபாய் என்று நிர்ணயமாகும் ஒரு வழக்கை ஒருவர் வாய்தா வாங்கி இரண்டாண்டு இழுத்தடிப்பாரானால், உத்தரவு பிறக்கும் நாளிலேயே அவர் தலைமீது 4,80,000 ரூபாய் பாக்கி நிற்கும்.

நம்பிக்கை 5: ஜீவனாம்சம் பெண்களுக்கு மட்டுமே.

உண்மை: இந்து விவாகச் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகள் கணவன், மனைவி இருவரில் எவரும் கேட்கலாம் என்கின்றன. ஆயினும் 2023 ஜனவரியில், கொரோனாக் காலத்தில் வேலை இழந்ததாகக் கூறி மனைவியிடம் மாதம் 2 லட்சம் ரூபாய் கோரிய ஒருவரின் மனுவை நீதிபதி நாகபிரசன்னா நிராகரித்தார்; உடல் வலிமையுள்ள கணவனுக்கு அவ்வாறு தருவது சோம்பலை வளர்ப்பதாகும் என்பது அவர் கண்ட நியாயம். நோயினாலோ ஊனத்தினாலோ உழைக்க முடியாத கணவனின் நிலை வேறு. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 144-ஆம் பிரிவிலும் இந்த உரிமை கணவனுக்கு இல்லை.

நம்பிக்கை 6: ஒருமுறை நிர்ணயித்த தொகை மாறாது, சிறைக்குப் போய்வந்தால் பாக்கி தீர்ந்துபோகும்.

உண்மை: சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் மனுச் செய்யலாம், பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால் நிறுத்தக் கோரலாம். சிறைவாசமோ பணத்தை வசூலிக்கும் உபாயமேயன்றி அதற்கு ஈடன்று என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

பத்திரிகைகளில் கோடிக்கணக்கில் வரும் தொகைகளைக் கண்டு மயங்குவோரும் மருளுவோரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவற்றுள் பல, பரஸ்பர சம்மதத்தால் இரு தரப்பாரும் தாமே பேசி முடித்த ஒப்பந்தத் தொகைகள், பிறருக்கு அவை அளவுகோல் ஆகா. உங்கள் வழக்கின் தொகை உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்துதான் பிறக்கும். ஆதலால் சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வங்கி ஏடு, பள்ளிக் கட்டண ரசீது, வாடகை ரசீது இவற்றை ஒழுங்காகத் திரட்டி, கூட்டாமலும் குறைக்காமலும் நீதிபதியின் முன் வைப்பதே கணவனுக்கும் மனைவிக்கும் உள்ள சிறந்த பாதுகாப்பு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று எந்தப் பெண்ணும் கலங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணையங்கள் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் அனைவரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். அதை வழங்கும் கர்நாடக மாநிலச் சட்டப்பணிகள் ஆணையமும் அதே நியாய தேகுல கட்டடத்திலேயே இருக்கிறது. ஊரார் சொல்லை நம்பிக் கையெழுத்திடுவதற்கு முன்னால், அங்கே சென்று ஒரு வார்த்தை கேளுங்கள்.